மதர்போர்டு தானாகச் செய்யும் ஓவர்க்ளாக்கிங்கைக் கட்டுக்குள் வைப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

புதிதாகச் சேர்த்து முடித்த கணினியில் பயாஸ் எனப்படும் மதர்போர்டின் அமைப்புத் திரைப் பக்கமே போகவில்லை, எதையும் தொடவில்லை, ஆகவே பிராசசர் அதன் தயாரிப்பாளர் வகுத்த அளவில்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில், அதிலும் கேமிங் என்று பெயர் தாங்கி வரும் விலை கூடிய வகைகளில், இந்த நம்பிக்கை சரியாக இருப்பதில்லை. பயாஸில் ‘ஆட்டோ’ என்று நிற்கும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் எண் இருக்கத்தான் செய்கிறது. அதை உங்களுக்குப் பதிலாக மதர்போர்டு நிறுவனம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. ஒரே பிராசசரைப் பொருத்தி ஐந்து நிறுவனங்களின் போர்டுகளை ஒப்பிடும்போது தன்னுடையது ஒரு சதவீதமாவது முந்தி நிற்க வேண்டும் என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம். அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடும் வெப்பமும் மின்செலவும் உங்கள் அறையில்தான் சேர்கின்றன.

இந்தக் கட்டுரை ஓவர்க்ளாக் செய்ய, அதாவது தயாரிப்பாளர் வகுத்த அளவுக்கு மேல் வேகமாக ஓட்ட, கற்றுத்தருவது அல்ல. போர்டு தானாகவே செய்துவிட்ட ஓவர்க்ளாக்கிங்கைக் கண்டுபிடித்து, எது இருக்கலாம், எது வேண்டாம் என்று நீங்களே முடிவெடுப்பதற்கான வழிமுறையையே சொல்கிறது. என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேமுக்கான வேக புரொஃபைலைச் சோதித்துப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்; பிராசசரின் மின் வரம்புகளை அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள்; ஒரே பொத்தானில் வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லும் வசதிகளைத் தொடவே வேண்டாம்.

தானியங்கி வசதிகளில் நான்கு வகை

பயாஸ் திரையில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடப்பதால், இவற்றை முதலில் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

முதலாவது, பிராசசருக்குள்ளேயே இருக்கும் பூஸ்ட். இன்டெல் இதை டர்போ பூஸ்ட் என்றும் ஏஎம்டி பிரிசிஷன் பூஸ்ட் என்றும் அழைக்கின்றன. வெப்பமும் மின்னோட்டமும் இடம் கொடுக்கும் வரை வேகத்தை உயர்த்தி, இடம் இல்லாதபோது தாழ்த்திக்கொள்ளும் இந்த ஏற்பாடு ஓவர்க்ளாக்கிங் அல்ல. பிராசசரின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகமே இதை நம்பித்தான் இருக்கிறது. பயந்துபோய் இதை நிறுத்திவிடுகிறவர்கள் தாங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகத்தின் ஒரு பகுதியை இழக்கிறார்கள்.

இரண்டாவது, அந்த பூஸ்ட்டுக்கு பிராசசர் தயாரிப்பாளர் போட்ட வேலியை மதர்போர்டு அகற்றுவது. இன்டெல் போர்டுகளில் மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட், என்ஹான்ஸ்டு டர்போ போன்ற பெயர்களிலும், ஏஎம்டி போர்டுகளில் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் (பிபிஓ) என்ற பெயரிலும் இது இருக்கும். சத்தமில்லாமல் இயங்குவதும் அதிகத் தொல்லை தருவதும் இந்த வகைதான். கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றியதே.

மூன்றாவது, கேம் பூஸ்ட், ஏஐ ஓவர்க்ளாக்கிங் என்ற பெயர்களில் வரும் ஒற்றைப் பொத்தான் வசதிகள். உங்கள் கையில் இருக்கும் குறிப்பிட்ட சிப்பின் தரத்தை முன்கூட்டியே அறியாமல் செயல்படுவதால், இவற்றில் பல, எல்லாச் சிப்பும் தாங்கும்படி தேவைக்கு மேல் மின்னழுத்தத்தைக் கொடுத்துவிடுகின்றன. ரைசன் பிராசசர்களில் எல்லாக் கோர்களுக்கும் ஒரே நிலையான வேகத்தைப் பூட்டிவிடும் வசதியாக இருந்தால், ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் வேலை செய்யும் நேரத்தில் கிடைத்துவந்த உச்ச பூஸ்ட்டும் போய்விடும். விளையாட்டுகளில் வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறையவும் செய்யலாம்.

நான்காவது, ரேமுக்கான புரொஃபைல்கள், அதாவது ரேமின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்த தொகுப்புகள். 2007இல் இன்டெல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பியும் 2022இல் ஏஎம்டி கொண்டுவந்த எக்ஸ்போவும் இந்த வகை.

மாற்றத்தைத் தொடங்கும் முன்

முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு விசையை வேறொரு கருவியிலோ காகிதத்திலோ எழுதி வையுங்கள். பயாஸ் அப்டேட்டோ சில பாதுகாப்பு அமைப்புகளின் மாற்றமோ நடந்த பிறகு விண்டோஸ் அந்த விசையைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பதைத் திறக்க வழியில்லை. இதைச் சொல்லாமல் தொடங்கும் வழிகாட்டிகள் நிறைய இருப்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, கணினியை இயக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் நுழைந்து, இப்போதைய அமைப்புகளைப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தோன்றும் எளிய திரையில் வேண்டிய வரிகள் இருக்காது. ஆசுஸ், எம்எஸ்ஐ போர்டுகளில் எஃப்7 விசையும், கிகாபைட் போர்டுகளில் எஃப்2 விசையும் விரிவான திரைக்குக் கொண்டுசெல்லும். பயாஸ் பதிப்பு எண்ணையும், ஸ்டோரேஜ் பகுதியில் ஏஎச்சிஐ, விஎம்டி, ரெய்டு ஆகிய டிஸ்க் இணைப்பு முறைகளில் எது தேர்வாகி இருக்கிறது என்பதையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். இயல்புநிலைக்குத் திரும்பும்போது இந்த ஸ்டோரேஜ் வரி மாறிவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாது. டிஸ்க் பழுதாகிவிட்டது என்று எண்ணி மறுபடியும் விண்டோஸ் நிறுவுகிறவர்களுக்கு இந்த ஒரு வரியே உண்மையான காரணமாக இருப்பதுண்டு.

இப்போது எப்படி ஓடுகிறது என்று அளந்து பாருங்கள்

பயாஸில் எதையும் மாற்றாமல் விண்டோஸுக்குத் திரும்புங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச நிரலைச் சென்சார்கள் மட்டும் காட்டும் முறையில் திறந்தால், நடப்பு, குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என நான்கு பத்திகள் கொண்ட நீண்ட பட்டியல் வரும். அதில் நமக்கு வேண்டியவை சில வரிகளே: பிராசசர் எடுக்கும் மொத்த மின்திறனைக் காட்டும் சிபியு பேக்கேஜ் பவர், கோர்களின் வெப்பநிலை, வீகோர் எனப்படும் கோர் மின்னழுத்தம், கோர்களின் உண்மையான வேகத்தைக் காட்டும் எஃபெக்டிவ் க்ளாக், பட்டியலின் கடைசியில் இருக்கும் விண்டோஸ் ஹார்ட்வேர் எரர் எண்ணிக்கை. அதைத் திறந்து வைத்தபடியே சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை நிரலை எல்லாக் கோர்களுக்கும் பத்து நிமிடம் ஓடவிட்டு, மதிப்பெண்ணையும் மேற்சொன்ன எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்து நிமிடத்தில் மின்திறன் வரியை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, இன்டெல் கோர் ஐ7-12700 பிராசசருக்கு அடிப்படை மின்திறன் 65 வாட், டர்போவின் உச்ச மின்திறன் 180 வாட். இன்டெல் சொன்ன வரம்புகள் நடைமுறையில் இருந்தால், சோதனை தொடங்கியதும் மின்திறன் உயர்ந்து, சுமார் அரை நிமிடம் அங்கே நின்று, பிறகு 65 வாட்டுக்கு இறங்கும். கோர்களின் வேகமும் உடன் இறங்கும். பத்து நிமிடமும் உச்சத்திலேயே நின்றால், நீண்டநேர வரம்பை மதர்போர்டு தளர்த்தியிருக்கிறது. நல்ல கூலர் இருந்தால் இதில் தவறு ஏதும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரம்பு தளர்ந்திருப்பது உங்களுக்குத் தெரிந்து, உங்கள் கூலர் அதைத் தாங்குகிறது என்றால் அது உங்கள் முடிவு. தெரியாமல் நடப்பதுதான் சிக்கல்.

வெப்பநிலையைப் படிப்பதிலும் நிதானம் தேவை. ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலான பிராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி செல்சியஸ் வரை சென்று, அங்கே நின்றபடியே வேகத்தைச் சரிசெய்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. பெயர் எக்ஸ்3டி என்று முடியும் வகைகளில் வரம்பு 89 டிகிரி. இன்டெலின் 12 முதல் 14ஆம் தலைமுறை வரையிலான டெஸ்க்டாப் பிராசசர்கள் பெரும்பாலானவற்றுக்கு உச்சம் 100 டிகிரி. ஆகவே வரம்பைத் தொட்டதாலேயே பிராசசர் கெட்டுவிட்டது என்று பொருளாகாது. ஆனால் இணையம் பார்ப்பது, ஆவணம் எழுதுவது போன்ற இலகுவான வேலைகளிலேயே வெப்பம் 80ஐத் தாண்டினால், கூலர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பயாஸுக்குப் போங்கள்.

ஐந்து சதவீத வேகத்தின் உண்மையான விலை

வரம்புகளை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். பிராசசர் செலவிடும் மின்திறன் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தை 5 சதவீதம் உயர்த்துவதற்காக மின்னழுத்தம் 1.20 வோல்ட்டிலிருந்து 1.32 வோல்ட்டுக்கு, அதாவது 10 சதவீதம் போனது என்று வைத்துக்கொள்வோம். 1.1 × 1.1 × 1.05 என்று பெருக்கினால் 1.27 வருகிறது. ஐந்து சதவீத வேகத்துக்கு 27 சதவீதம் கூடுதல் மின்திறன். அது அத்தனையும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். சிப் சூடேறும்போது அதன் மின்கசிவும் கூடுவதால் உண்மை எண் இதற்கும் மேல். இதே கணக்கைத் தலைகீழாகப் படித்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது: உச்சத்திலிருந்து சற்றே இறங்கினால் வேகம் கொஞ்சமே குறையும், வெப்பமோ பெருமளவு குறையும்.

இன்டெல் போர்டுகளில் செய்ய வேண்டியவை

முதலில் இயல்புநிலை அமைப்புகளை ஏற்றுங்கள். ஆசுஸில் எஃப்5, எம்எஸ்ஐயில் எஃப்6, கிகாபைட்டில் எஃப்7, ஏஎஸ்ராக்கில் எஃப்9 என்று விசை மாறும். இதனால் மதர்போர்டு நிறுவனத்தின் இயல்புநிலைக்கு வந்திருக்கிறோமே தவிர, இன்டெலின் இயல்புநிலைக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, புதிய பயாஸ் பதிப்புகளில் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்ற புரொஃபைல் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல, விளையாட்டுகளின் நடுவே நின்றுபோவதும் நிலைகுலைவதுமாக இருந்த விவகாரத்துக்குப் பிறகு இந்த வரி பரவலாக வந்தது. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் சிப்பின் ஒரு பகுதி நாளடைவில் தேய்ந்து, இயங்குவதற்குத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தமே மாறிப்போகிறது என்று இன்டெல் விளக்கியது. அதற்குச் சொன்ன காரணங்களில் பிராசசருக்குள் ஓடும் மென்பொருளான இன்டெலின் சொந்த மைக்ரோகோடும் உண்டு. இன்டெலின் வழிகாட்டுதலைத் தாண்டிய மதர்போர்டு மின் அமைப்புகளும் உண்டு. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடு திருத்தங்கள் வந்தன. பாதிக்கப்பட்ட, பெட்டியில் விற்கப்பட்ட பிராசசர்களுக்கான உத்தரவாதத்தை இன்டெல் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. இந்தத் தலைமுறைகளின் 65 வாட்டோ அதற்கு மேலோ அடிப்படை மின்திறன் கொண்ட ஐ5, ஐ7, ஐ9 பிராசசர் உங்களிடம் இருந்தால், மற்ற எதற்கும் முன்பு 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோடு கொண்ட பயாஸை நிறுவுங்கள். ஏற்கெனவே தேய்ந்துவிட்ட சிப்பை எந்த அப்டேட்டும் மீட்காது. அப்படிப்பட்டதை உத்தரவாதத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

புரொஃபைல் வரி இல்லாத பழைய போர்டுகளில் கையால் மாற்ற வேண்டும். மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் என்ற வரியை ‘ஆட்டோ’வில் விடாமல் டிஸேபிள்டு என்று வையுங்கள். பிறகு மின் வரம்புகளைத் தேடுங்கள். லாங் டியூரேஷன் என்று இருப்பது பிஎல்1, ஷார்ட் டியூரேஷன் என்று இருப்பது பிஎல்2, இரண்டாவது வரம்பில் எத்தனை நொடி நிற்கலாம் என்பதைச் சொல்வது டாவ். பிஎல்1 வரியில் 4095 அல்லது 4096 வாட் என்று கண்டால் மலைக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணை இட்டு, வரம்பே இல்லை என்று போர்டு சொல்லும் முறை அது. ஐ9-13900கே போன்ற பிராசசருக்கு இன்டெல் சொல்லும் எண்கள் பிஎல்1, பிஎல்2 இரண்டுக்கும் 253 வாட், மின்னோட்ட வரம்புக்கு 307 ஆம்பியர். உங்கள் மாடலுக்குரிய வாட் எண்கள் இன்டெலின் ஆர்க் பக்கத்தில் அடிப்படை மின்திறன், அதிகபட்ச டர்போ மின்திறன் என்ற தலைப்புகளில் கிடைக்கும்.

எம்எஸ்ஐ போர்டுகள் பலவற்றில் கூலர் வகையைக் கேட்கும் ஒரு கேள்வி வரும்: பெட்டியுடன் வந்த கூலர், டவர் ஏர் கூலர், வாட்டர் கூலர். இதை வெறும் விவரக் கேள்வி என்று நினைத்து, தன்னிடம் வாட்டர் கூலர் இருப்பதால் மூன்றாவதைச் சொடுக்கிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். உண்மையில் அந்தச் சொடுக்கு பிஎல்1, பிஎல்2 வரம்புகளையே மாற்றுகிறது. மூன்றாவதைத் தேர்ந்தால் வரம்பு இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. உங்களிடம் எந்தக் கூலர் இருந்தாலும் முதல் தேர்விலிருந்து தொடங்கி, அளந்து பார்த்து, பிறகு எண்ணைக் கையால் எழுதுவதே நல்லது.

லோட்லைன் காலிபரேஷன் என்ற வரியை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். சுமை ஏறும்போது மின்னழுத்தம் சற்று இறங்குவது இயல்பாகவே ஏற்படுத்தப்பட்ட ஒன்று. அதை முரட்டுத்தனமாகச் சமன்செய்தால் சுமை விலகும் கணத்தில் மின்னழுத்தம் துள்ளி எழும்.

ஏஎம்டி போர்டுகளில் செய்ய வேண்டியவை

இங்கே மூன்று வரம்புகள் உள்ளன. பிபிடி என்பது சாக்கெட்டுக்குப் போகும் மொத்த மின்திறன். டிடிசி என்பது நீடித்து எடுக்கக்கூடிய மின்னோட்டம். இடிசி என்பது கணநேர உச்ச மின்னோட்டம். பெட்டியில் எழுதியிருக்கும் டிடிபி என்ற வாட் எண்ணும் பிபிடி எண்ணும் ஒன்றல்ல என்பதால் குழப்பம் வரும். ஏஎம்4, ஏஎம்5 சாக்கெட்டுகள் இரண்டிலும் 65 வாட் பிராசசரின் பிபிடி 88 வாட், 105 வாட் பிராசசருக்கு 142 வாட். ஏஎம்5இல் 120 வாட்டுக்கு 162, 170 வாட்டுக்கு 230. எச்டபிள்யூஇன்ஃபோவில் இந்த எண்களைக் காண்கிறீர்கள் என்றால் போர்டு ஏஎம்டியின் வரம்புக்குள்தான் நிற்கிறது.

பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் வரியில் ஆட்டோ, டிஸேபிள்டு, எனேபிள்டு, அட்வான்ஸ்டு என்று தேர்வுகள் இருக்கும். எந்தச் சந்தேகமும் வேண்டாம் என்றால் டிஸேபிள்டு. இதை நிறுத்தினால் இயல்பான பூஸ்ட் நின்றுவிடும் என்ற அச்சம் தேவையில்லை. அது வேறு வரியில் இருக்கும் வேறு வசதி. அட்வான்ஸ்டுக்குள் வரம்புகளை மதர்போர்டு என்று வைத்தால், பிராசசருக்கு மின்சாரம் வழங்கும் போர்டின் விஆர்எம் பகுதி தாங்கும் அளவையே வரம்பாக எடுத்துக்கொள்ளும். விஆர்எம் தாங்குவதைக் கூலரும் தாங்கும் என்று எந்த உறுதியும் கிடையாது.

பல போர்டுகளில் இதே வசதி இரண்டு இடங்களில் இருக்கும்: நிறுவனத்தின் சொந்த ஓவர்க்ளாக் பக்கத்தில் ஒன்று, எச்சரிக்கையை ஏற்ற பிறகு திறக்கும் ஏஎம்டி ஓவர்க்ளாக்கிங் பக்கத்தில் இன்னொன்று. இரண்டிலும் வேறு வேறு எண்களை எழுதினால் எது செல்லுபடியாகும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். ஓர் இடத்தில் மட்டும் எழுதுங்கள், மற்றதை ஆட்டோவில் விடுங்கள், விண்டோஸுக்கு வந்து அளந்து உறுதிசெய்யுங்கள்.

வெப்பம்தான் உங்கள் கவலை என்றால் இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று ஈகோ மோட்; 105 வாட் பிராசசரை 65 வாட் வகுப்புக்கு இறக்கிவிடும். விளையாட்டுகளில் வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. வீடியோ என்கோடிங் போன்ற எல்லாக் கோர்களையும் நிரப்பும் வேலைகளில் சற்றுத் தெரியும். மற்றொன்று, பிளாட்ஃபார்ம் தெர்மல் த்ராட்டில் லிமிட் என்ற வரியில் 85 போன்ற ஓர் எண்ணை எழுதுவது. பிராசசர் அந்த வெப்பநிலையைத் தன் கூரையாகக் கொண்டு வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும்.

கர்வ் ஆப்டிமைசர் ரைசன் 5000 வரிசையில் அறிமுகமான அருமையான வசதி. ஒவ்வொரு படிக்கும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தத்தைக் குறைக்கலாம். ஆனால் புதியவர்கள் நேராக மைனஸ் 30 என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதிய கணினி கனமான சோதனைகளை எல்லாம் தாண்டிவிட்டு, இரவில் சும்மா நிற்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். காரணம், ஒரே ஒரு கோர் இலகுவான சுமையில் உச்ச வேகத்துக்குத் தாவும் கணத்தில்தான் குறைந்த மின்னழுத்தம் பற்றாமல் போகிறது. எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10இல் தொடங்கி, கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்லர் போன்ற நிரலை இரவு முழுதும் ஓடவிட்டு, பிறகு அடுத்த படிக்குப் போங்கள். பூஸ்ட் க்ளாக் ஓவர்ரைட் என்ற வரி பூஜ்யத்திலேயே இருக்கட்டும்.

ரேம் புரொஃபைல்: வைத்துக்கொள்ளத் தகுந்த ஓவர்க்ளாக்

பெட்டியில் 6000 என்று எழுதிய டிடிஆர்5 ரேம், புரொஃபைலை இயக்காதவரை 4800 போன்ற வேகத்தில்தான் ஓடும். காசு கொடுத்த வேகம் வேண்டுமென்றால் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்கத்தான் வேண்டும். ஆனால் இதுவும் ஓவர்க்ளாக்தான் என்பதை மறக்க வேண்டாம். ரேம் குச்சிகள் அந்த வேகத்துக்குச் சோதிக்கப்பட்டவையாக இருக்கலாம். பிராசசருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலருக்கு அந்த உறுதி கிடையாது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு குச்சிகளுக்கு 5200, நான்கு குச்சிகள் போட்டால் 3600 மட்டுமே. நான்கு குச்சிகளில் 6000 ஓடவில்லை என்றால் ரேம் பழுது என்று முடிவுகட்டாமல், இரண்டை மட்டும் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட்டுப் பாருங்கள்.

புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்10 தட்டியதும், சேமிக்கும் முன் மாறிய வரிகளின் பட்டியல் ஒன்று திரையில் வரும். பெரும்பாலானோர் அதைப் படிக்காமலே சரி என்று தட்டுகிறார்கள். தயவுசெய்து படியுங்கள். ரேமின் வேகமும் டைமிங்கும், மின்னழுத்தம் 1.1இலிருந்து 1.35 போன்ற அளவுக்குப் போனதும் எதிர்பார்த்தவை. அவற்றோடு மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் போன்ற பிராசசர் வரி ஏதேனும் சேர்ந்து மாறியிருந்தால், ரத்து செய்துவிட்டுத் திரும்பிப் போய் அதை நிறுத்துங்கள். சில போர்டுகள் இந்த நேரத்தில் எல்லாக் கோர்களுக்கும் வேகம் கூட்டலாமா என்று தனியாகக் கேட்கவும் செய்யும். வேண்டாம் என்பதே பதில்.

ஏஎம்5 போர்டில் இன்னொரு வரியையும் பார்க்க வேண்டும்: பிராசசருக்குள் மெமரி கண்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தம். 2023இல் சில ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டிலேயே கருகிய சம்பவங்கள் வெளிவந்தன. எக்ஸ்போவை இயக்கும்போது சில போர்டுகள் இந்த மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி உயர்த்தியது அதில் முக்கியப் பங்கு வகித்தது. அதன்பின் ஏஎம்டி பயாஸ் திருத்தம் மூலம் 1.3 வோல்ட்டை உச்சவரம்பாக்கியது. அதற்கு முந்தைய பயாஸ் இருந்தால் புரொஃபைலை இயக்கும் முன்பே அப்டேட் செய்யுங்கள். புதிய பயாஸிலும் 1.30இல் நிற்பதாகத் தெரிந்தால், 1.20 அல்லது 1.25 என்று கையால் எழுதிச் சோதியுங்கள். 6000 வேகத்துக்குப் பல பிராசசர்களுக்கு அது போதும்.

சேமித்து வெளியேறியதும் திரை இருண்டு, போர்டில் டிரேம் என்று எழுதிய சிறு விளக்கு எரிந்தபடி பல நிமிடங்கள் நிற்கலாம். போர்டு ரேமின் சமிக்ஞைகளைச் சரிபார்க்கும் நேரம் அது. நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்காமல் பொறுத்திருங்கள்.

சோதனை

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இதை மீறி மூன்றை ஒன்றாக மாற்றிய பிறகு கணினி நின்றுபோனால், மூன்றில் எது காரணம் என்று தெரியாது.

ரேமுக்கு, பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் மெம்டெஸ்ட்86ஐ நான்கு சுற்றும் முழுதாக ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். ஒரு பிழைதானே என்று விட்டால், அந்த ஒன்று நீங்கள் சேமிக்கும் கோப்புக்குள் சத்தமில்லாமல் போய் உட்காரும். தோற்றால் வேகத்தை 6000இலிருந்து 5600க்கு இறக்கி மறுபடி சோதியுங்கள். பிராசசருக்கு ஓசிசிடி அல்லது பிரைம்95ஐ ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். முன்பு எழுதி வைத்த சினிபெஞ்ச் எண்களோடு இப்போதையவற்றை ஒப்பிடுங்கள். மதிப்பெண் இரண்டு மூன்று சதவீதம் குறைந்து, வெப்பம் பத்து டிகிரி இறங்கியிருந்தால் அதைச் சிறந்த பேரமாகவே நான் கருதுவேன்.

அடுத்த ஒரு வாரத்துக்கு விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் பதிவுகள் வருகின்றனவா என்று பாருங்கள். கணினி நிற்காமல் ஓடினாலும், தானே திருத்திக்கொண்ட வன்பொருள் பிழைகள் அங்கே பதிவாகும். ஓவர்க்ளாக் ஏதும் இல்லாத இயல்புநிலையிலும் அவை வந்துகொண்டே இருந்தால் உத்தரவாதத்தை அணுக வேண்டிய நேரம். ஒன்றைக் கவனியுங்கள்: பிபிஓ, எக்ஸ்போ, எக்ஸ்எம்பி உட்பட, அறிவிக்கப்பட்ட அளவுக்கு வெளியே இயக்குவது உத்தரவாதத்தைப் பாதிக்கலாம் என்று இரு நிறுவனங்களுமே எழுதி வைத்திருக்கின்றன.

விண்டோஸில் ஓடும் மதர்போர்டு நிறுவனத்தின் நிரல்கள், ரைசன் மாஸ்டர், இன்டெலின் எக்ஸ்டியு ஆகியவையும் இதே எண்களை மாற்ற வல்லவை. பயாஸில் ஒன்று, நிரலில் வேறொன்று என்று இருந்தால் அளக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. அமைப்புகள் பயாஸில் மட்டும் இருக்கட்டும்; விசிறிக்கும் விளக்குக்கும் மட்டும் அந்த நிரல்களைப் பயன்படுத்துங்கள்.

பூட் ஆகவில்லை என்றால்

பதற வேண்டாம். பல போர்டுகள் சில முறை முயன்று தோற்றபின் தாமாகவே பாதுகாப்பான அமைப்பில் எழுந்து, பயாஸுக்குள் வரச் சொல்லும். அப்படி நடக்கவில்லை என்றால் பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சிமாஸை அழிக்க வேண்டும். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, போர்டில் கிளியர் சிமாஸ் என்ற பொருளில் பெயரிட்ட இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து நொடி இணையுங்கள். எந்த ஊசிகள் என்பதைக் கையேட்டில் பார்க்காமல் எதையும் இணைக்கக் கூடாது. ஊசி எட்டாவிட்டால் காசு வடிவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போடலாம். அதன்பின் கடிகாரம், பூட் வரிசை, விசிறி வேகம், ஸ்டோரேஜ் முறை எல்லாம் இயல்புநிலைக்குப் போயிருக்கும்; முன்பு எடுத்த படங்கள் இப்போதுதான் கைகொடுக்கும்.

பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு

எல்லாம் சரியானதும் பயாஸின் புரொஃபைல் சேமிப்பு வசதியில் இந்த அமைப்புகளை ஒரு பெயரிட்டுச் சேமியுங்கள். ஆனால் அடுத்த பயாஸ் பதிப்பை நிறுவியதும் அமைப்புகள் பெரும்பாலும் அழிந்துவிடும். பழைய பதிப்பில் சேமித்த புரொஃபைலைப் புதியதில் ஏற்றுவதும் நல்லதல்ல, ஏனெனில் வரிகள் இடம் மாறியோ புதிதாகச் சேர்ந்தோ இருக்கலாம். படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் எழுதுங்கள். அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். அப்டேட் முடிந்த முதல் பூட்டில் போர்டு புதிதாக எந்தக் கேள்வி கேட்டாலும், மின் வரம்புகளைத் தளர்த்தும் பதிலைச் சொல்லாதீர்கள். பின்பு சினிபெஞ்ச்சைப் பத்து நிமிடம் ஓட்டி, பேக்கேஜ் பவர் வரி பழைய எண்ணிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலைகளுக்குப் போங்கள்.